முனியாண்டிக்கு நேர்ந்த ஒரு பெட்டி ஸ்டவுட்

குடிகாரனைத் திருத்திவிடலாம். அவன் வீட்டாரைத் திருத்த ஒரு பிறவி போதாது. மாசாயில் டயர் கடை வைத்திருக்கும் ஜெயபாலன் இதைச் சனிக்கிழமைதோறும் சொல்வார். அன்று சாயங்காலம் அவர் கடை மாடியில் குடியை விட்டவர்களும் விடப் பார்ப்பவர்களும் கூடுவார்கள். நாற்காலி அவர் வாங்கியது, மைலோ அவர் கலக்கியது, ஆகவே பேச்சும் பெரும்பாலும் அவருடையதுதான். மாதம் ஒருமுறை வரும் ஆலோசகர் கிறிஸ்டின், "அவங்கள பேச விடுங்க அங்கிள்" என்று கெஞ்சிப் பார்ப்பாள். ஜெயபாலன் தலையாட்டுவார். ஆட்டிக்கொண்டே பேசுவார்.

ஏன் பேசக் கூடாது? தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மனிதர். சம்சுச் சாராயத்தில் மூழ்கி, தானே கரையேறி, பஞ்சர் ஒட்டிய கையால் கடையை எழுப்பியவர். புத்தகத்தைப் பார்த்தா சொல்கிறார்?

அவருடைய கூட்டத்தில் விஜயன்தான் தங்கம். பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். தீபாவளிக்குக்கூடத் தொடவில்லை. கோபித்துக்கொண்டு பத்து பாகாட் ஊரில் அம்மா வீட்டோடு இருந்த அவன் மனைவி ரூபினி, ஞாயிற்றுக்கிழமை லாபிஸில் நடக்கும் பூசைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவன் தெளிவாக இருந்தால் கூடவே மாசாய்க்கு வருவாள். வாடை வந்தால் அதோடு சரி.

"என்னா பூச?" என்று அந்தச் சனிக்கிழமை ஜெயபாலன் கேட்டார்.

"நான் குடிய விட்டதுக்கு அம்மா முனியாண்டிக்கு நேர்ந்திருக்காங்க அங்கிள்."

"நல்லதுதான். என்னா நேர்ந்தாங்க?"

"ஒரு பெட்டி ஸ்டவுட்."

ஜெயபாலன் கையிலிருந்த மைலோ சட்டையில் கொட்டியது. "அலமாக்! குடிய விட்டதுக்கு ஸ்டவுட்டா? படைச்சத யாரு குடிக்கிறது?"

விஜயன் தரையைப் பார்த்தான். "எல்லாருக்கும் பிரசாதம். எனக்காக நேர்ந்ததால மொத மடக்கு எனக்கு."

மறுநாள் காலை ஜெயபாலன் கடையைப் பூட்டிப்போட்டு லாபிஸுக்குக் காரை விட்டார். வழி நெடுக ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டே போனார். தண்டவாளத்தை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில், மரத்தடிச் சூலத்துக்கு முன்னால் விஜயனின் அம்மா காளியம்மா, கறுப்பு பீர் போத்தல்களைத் துடைத்துத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இத தூக்கிப் போடுங்க. இளநி வைங்க!"

"முனியாண்டி என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்காரு, இளநி குடிக்க?"

"சரி, கறுப்புக் காப்பி வைங்க. நெறம் ஒண்ணுதானே?"

"சாமிய ஏமாத்தச் சொல்றியா? நீ டயரு விக்கிறியா, பொய்யி விக்கிறியா தம்பி?"

"ஒங்க மகன் குடிச்சா மருமக வரமாட்டாக்கா!"

"பிரசாதம் எப்பிடிய்யா குடியாவும்? ஒரே மடக்கு. மருந்து மாரி."

"அந்த ஒரு மடக்குலதான் நான் நாசமாப் போனேன்!"

"நீ கடையில குடிச்ச. கோயில்லயா குடிச்ச?"

ஜெயபாலன் தலையில் அடித்துக்கொண்டார். பெற்றவள் மகன் மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அந்த உயிரை வைத்தே அவனைக் கவிழ்க்கப் பார்க்கிறாளே, இதை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

உறுமி முழங்கியது. வார நாளில் தோட்டத்து லாரி ஓட்டும் சுகுமாறன் மேல் சாமி வந்தது. பல்லாலேயே மூடியைக் கடித்துத் திறந்து, ஒரு வாய் குடித்து, அதை விஜயன் தலையிலும் சட்டையிலும் ஊதித் தெளித்தார். பிறகு போத்தலை நீட்டினார்.

"குடிடா!"

விஜயனின் தொண்டை ஏறி இறங்கியதை ஜெயபாலன் பார்த்தார். அந்த ஏற்ற இறக்கம் அவருக்குத் தெரியும். பாய்ந்தார். காளியம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தயார் செய்து வந்த பேச்சை அவிழ்த்துவிட்டார். உறுமிச் சத்தத்தில் அது அவர் காதிலேயே விழவில்லை.

விஜயன் கை இரண்டையும் கூப்பினான்.

"சாமி, எனக்காகத்தானே வந்தீங்க? அப்ப என் பங்கையும் நீங்களே குடிச்சிருங்க. இனிமே எப்பவும் என் பங்கு ஒங்களுக்குத்தான்."

உறுமி நின்றது. சாமி கொஞ்சம் யோசித்தது. இப்படி ஒரு காணிக்கையை எவனும் கொடுத்ததில்லை போலும். பிறகு ஒரே தூக்காகத் தூக்கிப் போத்தலைக் காலி செய்தது. காளியம்மா குலவையிட்டாள்.

ரூபினி அப்பாவின் காருக்குப் பக்கத்தில் குடையோடு நின்றாள். கூட்டம் மறைத்ததில் எதையும் அவள் பார்க்கவில்லை. சொட்டச் சொட்ட வந்த புருஷனைக் கண்டதும் பின்னால் நகர்ந்தாள்.

"நாறுது."

ஜெயபாலன் மூச்சு வாங்க ஓடி வந்தார். "சாமி துப்புனதும்மா! இவன் தொடல. இந்த ஜெயபாலன் வாக்குக்கு மாசாய் முழுக்க..."

"அங்கிள், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க." அவள் விஜயன் பக்கம் திரும்பினாள். "வாய ஊது."

ஊதினான். அவள் கிட்டே வந்து மூக்கைச் சுளித்தாள்.

"காலையில என்னா சாப்ட்ட?"

"நாசி லெமாக், சம்பலோட."

"வெங்காயம்தான் நாறுது" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் காரிலிருந்து தன் பையை எடுக்கப் போனாள்.

மாசாய்க்குப் புறப்படும்போது, ஜெயபாலன் காரின் பின் சீட்டில் இருவரும் ஏறியதும், காளியம்மா வந்து கண்ணாடியைத் தட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மருமக திரும்பி வந்ததுக்கு அடுத்த வருசம் ரெண்டு பெட்டி நேர்ந்துட்டேன் தம்பி!"

ஜெயபாலன் வாயைத் திறந்தார்.

"ஓட்டுங்க அங்கிள்" என்றான் விஜயன்.

வழியில் யோங் பெங் தாண்டும்வரை ஜெயபாலன் ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு பொறுமையாக வாயை மூடிக்கொண்டு வந்தார் என்பதை அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் அரை மணி நேரம் விளக்கினார்.