பதிலை நானே எழுதினேன்

பக்கத்து வீட்டுப் பெண்ணின் பேச்சைத் திருடி நாடகத்தில் வைத்தேன். அதைவிடப் பெரிய குற்றம், அந்தப் பேச்சுக்கு நானே பதில் எழுதியது.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாறசாலையை அடுத்த கொல்லயில் ஊரில், எங்கள் பக்கத்தில் என் வீட்டில் மட்டும்தான் தொலைபேசி. வளைகுடாவில் இருந்தவர்கள் என் எண்ணுக்கு அழைப்பார்கள். நான் மதிலருகே நின்று கூப்பிடுவேன். வீட்டார் ஓடி வருவார்கள். அவளும் வெள்ளிக்கிழமைதோறும் வந்து கணவனோடு பேசுவாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வரியும் படித்ததில்லை.

நான் பள்ளியில் தமிழ் கற்பித்தவன். ஊர் வாசகசாலை ஆண்டுவிழா நாடகமும் என்னுடையதுதான். "சாறே, உம்ம நாடகத்துல கள்ளனும் வாத்தியாரு மாதிரியாக்கும் பேசுவான்" என்று செயலாளர் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். எனக்கு உறைத்தது. அந்த வருடம் அவளை எழுதினேன்.

"கேக்குதா? அட, கேக்குதாண்ணு... அம்மைக்கு ஒண்ணுமில்ல. நல்லா தின்னு நல்லா ஒறங்குது. நீங்க இப்ப வரண்டாம்."

இது அவள் சொன்னது. உண்மையில் அவளுடைய மாமியார் இடுப்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். அது எனக்குத் தெரியும். எதற்காக மறைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. மேடையில் கணவன், "ஒருமுறையாவது அம்மாவின் குரலைக் கேட்கவிடு" என்று கெஞ்சினான். மனைவி அவன் அனுப்பிய பொன்சங்கிலியைக் கழுத்தில் தடவிக்கொண்டே பொய் சொன்னாள். கெஞ்சலும் சங்கிலியும் என் கைச்சரக்கு.

முதல் "கேக்குதா"விலேயே கூட்டம் அவளைக் கண்டுபிடித்துவிட்டது. பெண்கள் வரிசையில் இருந்தவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கூவினார்கள். அவள் எழுந்து போனாள். திரைக்குப் பின்னால் நான் கைதட்டலை ரசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தின் மேல் இன்றும் எனக்குக் கோபம் உண்டு. கூவக் கற்றுக்கொடுத்தவன் மேல் அதைவிட.

ஊரிலிருந்து வளைகுடாவுக்குத் திரும்பிப் போன ஒருவன் நாடகக் கதையைக் கணவனிடம் சொல்லிவிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். "ஓ, அம்ம கெடப்புலதான்" என்றாள். பிறகு, "எழுதினவரு இங்கதான் இருக்காரு. பேப்பரு படிக்கியாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அதுவரை என்னை 'நீங்க' என்று அழைத்தவள் அன்று 'நீரு'க்கு மாறினாள்.

"நான் சொன்னத எழுதினீரு. அவரு சொன்னத உமக்கு ஆரு சொன்னது? அம்மைகிட்ட குடுண்ணு அவரு ஒருநாளும் கேட்டதில்ல. கொரலு கேட்டா அழுதுருவாரு, அதனால கேக்கமாட்டாரு. வந்தா வேல போயிரும், சொல்லாதண்ணு அம்மையாக்கும் எனக்க கைய பிடிச்சு சத்தியம் வாங்கினது. எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீராவே?"

மறுநாள் அவளுடைய மாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னைய தூக்கிட்டுப் போவும், நான் பேசுதேன்" என்றாள் கிழவி. அழைப்பு வந்த அன்று நானும் செயலாளரும் கிழவியை நாற்காலியோடு தூக்கி வந்தோம். மருமகள் தடுத்துப் பார்த்தாள். "இனி இதையும் காட்சி வைக்கவா?" என்று கேட்டபடியே பின்னால் வந்தாள்.

கிழவி போனைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "எலே மக்கா, நானாக்கும் அவ வாய மூடச்சொன்னது. இனி அவள ஒரு சொல்லு சொன்னா நீ எனக்க மோன் இல்ல, கேட்டியா!"

பிறகு போனை என்னிடம் நீட்டினாள். முதல்முறையாக அந்தப் பக்கத்துக் குரல் என் காதில் விழுந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான். "சாறே, அவகிட்ட குடுங்க. ஒருக்கா குடுங்க."

நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"என்னைய நம்பேல. அம்ம சொன்னதும் நம்பியாச்சு. இனி அம்மைகிட்டயே பேசட்டு."

"ஒரு வார்த்தை சொல்லு" என்றேன்.

"நீரே சொல்லும். நான் என்ன சொல்லுவேண்ணு உமக்குத்தான் தெரியுமே." நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "தூக்கும்வே, அம்மைக்கு வலிக்குது."

அதன்பின் அவள் என் வீட்டுக்கு வரவே இல்லை. பேச வேண்டுமென்றால் பாறசாலைக்கு பஸ் ஏறி, அங்கே தொலைபேசி பூத்தில் காத்து நின்றாள். நான் நாடகம் எழுதுவதை நிறுத்தினேன். அதை அவளிடம் சொல்லி அனுப்பியபோது, "அதுக்கு நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாளாம்.

கணவன் விடுப்பில் வந்தபோது இருவரையும் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அவள் கையை ஆட்டி ஏதோ சொல்ல, அவன் சிரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவன் தலையசைத்தான். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் தாண்டிப் போகும்வரை வாயைத் திறக்கவில்லை.