ரீல் மாற்றும்போது வேதாச்சலம் சொன்னது

தமிழ்ப் படம் போடும் வாரத்தில் வேதாச்சலத்துக்குப் பெரும்பாடு. சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். கூட்டத்துக்காக மொழிபெயர்க்கும் ரங்கையா அந்த வசனத்தைத் தெலுங்கில் சொல்லி முடித்த பிறகு, மற்றவர்களோடு சேர்ந்து அப்போதுதான் புரிந்ததுபோலச் சிரிக்க வேண்டும்.

சித்தூரில் ஒரு வாசகசாலையில் ஞாயிறுதோறும் சாயங்காலம் பழைய படம் உண்டு. இருந்தது ஒரே புரொஜக்டர். ஒரு ரீல் ஓடியதும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் படத்தைப் பற்றிப் பேச்சு சூடுபிடிக்கும். முன்பெல்லாம் அதில் ஓங்கி ஒலிப்பது வேதாச்சலத்தின் குரல்தான்.

சித்தூர் ஜில்லா பாலசமுத்திரத்துத் தமிழ்க் குடும்பம் அவனுடையது. தாய் இறந்தபோது அவனுக்கு நான்கு வயது. அக்கா செங்கம்மாதான் வளர்த்தாள், படிக்க வைத்தாள். ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற இழுபறி நடந்த நாட்களில், அவன் குமாஸ்தாவாக இருந்த ஆபீசுக்குக் குண்டூர்ப் பக்கத்து அதிகாரி ஒருவர் வந்தார். தமிழ்க்காரர்களை மெட்ராஸ் பக்கம் தள்ளிவிடப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி. வீட்டில் என்ன பாஷை என்று அவர் கேட்டதும், வேதாச்சலம் யோசிக்காமல் "தெலுகு சார்" என்றுவிட்டான். அந்த அதிகாரி வாசகசாலைக்கும் வரத் தொடங்கினார். அன்றிலிருந்து இவன் வாய் திறப்பதில்லை.

அந்த ஞாயிறு ஊரிலிருந்து வந்திருந்த செங்கம்மா, தானும் படம் பார்க்கவேண்டும் என்று கிளம்பிவிட்டாள். பெண்கள் பக்கம் உட்கார வைத்துவிட்டு, இவன் போய் அதிகாரிக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

படத்தில் பெண்ணின் தகப்பனார் கல்யாணப் பேச்செடுக்க, கதாநாயகன் "இப்போது அவசரம் இல்லை" என்றான். ரங்கையா அதை அப்படியே "அவசரம் லேது" என்று தெலுங்காக்கினார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கூட்டம் எடுத்துக்கொண்டது. அடுத்த ரீலில் அவனே தாலி கட்டினான். விளக்கு வந்ததும் கலகலத்தது.

"வேண்டாமென்றவன் எப்படிக் கட்டினான்? சொத்து ஆசைதான்!" என்று அதிகாரி தெலுங்கில் சொல்ல, எல்லாரும் ஆமோதித்தார்கள். வேதாச்சலத்துக்குத் தப்பு எங்கே என்று தெரியும். அவனும் சேர்ந்து தலையாட்டிவைத்தான்.

"ஐயய்யே, வேணாம்னு எங்க சொன்னான்?" பெண்கள் பக்கமிருந்து செங்கம்மா எழுந்துவிட்டாள். "அவசரம் இல்லேன்னுதானே சொன்னான்!"

"அதேகதம்மா மேமூ செப்தா உன்னாமு!" என்றார் ரங்கையா. நாங்களும் அதைத்தானே சொல்கிறோம் என்று கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

செங்கம்மா சிரிக்கவில்லை. தம்பி படிப்பை முடிக்கும்வரை, தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் அவள் சொல்லியனுப்பியதும் அதே வார்த்தைதான்.

"டேய் வேதாச்சலம், இன்னாடா கம்முனு குந்திக்கினுகீற? நீ சொல்லுடா இவங்களுக்கு!"

யார் அந்த அம்மாள் என்று அதிகாரி திரும்பினார். "எவரய்யா ஆவிட?"

"மா ஊரு ஆவிட சார்" என்றான் வேதாச்சலம். எங்கள் ஊர்க்காரப் பெண்மணி.

அக்காவுக்குத் தெலுங்கு தெரியும். சந்தையில் தெலுங்கிலேயே பேரம் பேசுகிறவள். அவள் உட்கார்ந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மீதிப் படத்தில் என்ன நடந்ததென்று வேதாச்சலத்துக்கு நினைவில்லை.

வெளியே வந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அக்கா பத்தடி பின்னால் வந்தாள். இவன் நடையைத் தளர்த்தினால் அவளும் தளர்த்தினாள். நின்றால் நின்றாள்.

"அக்கா, கூட வா."

"நீ முன்னாடி போ சார்" என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. "உங்க ஆபீசர் வண்டி வருது பாரு."

ஜீப் அவர்களைக் கடந்து போயிற்று. அதிகாரி கையசைத்தார். வேதாச்சலம் பதிலுக்குக் கும்பிட்டான். அது தெருமுனை திரும்பிய பிறகுதான், தான் அக்காவை விட்டு இன்னும் நான்கடி முன்னே வந்து நிற்பதைக் கவனித்தான்.