பதினொரு பல்

தொலைபேசியில் யாராவது விலை கேட்டால் ஆரின் ஹாகனுக்கு இருமல் வந்துவிடும். "நேர்ல வாங்க, காதுல சொல்றேன்" என்பார் இருமலுக்கு நடுவே. எதிர்முனையில் இருப்பது கம்பெனியின் ஒற்றனாகவும் இருக்கலாம்.

டுலூத் நகரின் செங்குத்தான தெருவொன்றில் பனி வாரும் இயந்திரங்கள் விற்கிறார். அவற்றைச் செய்யும் கம்பெனி குறித்த விலை ஆயிரத்து நானூறு டாலர். கடைக்குள் எவ்வளவு குறைத்தும் விற்கலாம்; கடைக்கு வெளியே, அதற்குக் கீழான விலையை எழுதவோ சொல்லவோ கூடாது. ஆரின் விற்பது ஆயிரத்து நூறுக்கு. ஊரிலேயே மலிவு. அது ஊருக்குத்தான் தெரியாது.

அதனால் கண்ணாடிச் சன்னலில் விலைக்குப் பதில் சிரிக்கும் முகம் ஒன்றை வரைந்து ஒட்டினார்.

"ஏங்க, பதினொரு பல்லு வரைஞ்சிருக்கீங்களே, கம்பெனிக்காரனுக்கு எண்ணத் தெரியாதா?" என்றாள் மனைவி மார்லிஸ். பயந்துபோய் இரண்டு பல்லை அழித்தார். மறுநாள் வந்தவர்கள் தொள்ளாயிரத்துக்குக் கேட்டார்கள்.

ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் சரக்கு நின்றுவிடும். குளிர்காலம் முழுக்க ஆணியும் வாளியும்தான் விற்க வேண்டும்.

இந்த நேரம் பார்த்து, மேட்டுத் தெரு வெர்னா கூப்பிட்டாள். காலில் மாவுக்கட்டு, வாசலில் இடுப்பளவு பனி.

"இருமாதடா ஆரின். எவ்வளவு?"

"கடைக்கு வந்தீங்கன்னா, வெர்னாக்கா..."

"எப்படி? உருண்டா? இங்க பாரு, என் மகன் ஆயிரத்து நானூறுக்கு வேற கடையில வாங்கக் கிளம்பிட்டான்."

"அய்யோ, நிறுத்துங்க! வாங்க விடாதீங்க!"

"ஏன், நீ குறைச்சுத் தருவியா?"

ஆரின் பலமாக இருமினார்.

தொலைபேசியை வைத்ததும் ஓர் இயந்திரத்தை வண்டியில் ஏற்றினார். "அவங்க வீட்டு வாசலும் கடைக்கு வெளியதாங்க" என்று மார்லிஸ் நினைவூட்டினாள். அவர் குனிந்து எதையோ சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

வெர்னாவின் வாசல்வரை அந்த இயந்திரத்தாலேயே பனியை வாரித் தள்ளிக்கொண்டு போனார். அவள் கதவைத் திறந்தாள்.

"இப்பவாச்சும் வாயத் திறப்பியா?"

ஆரின் அக்குளில் இருந்ததை உதறி விரித்தார். கடை வாசலில் கிடக்கும், கடையின் பெயர் போட்ட மிதியடி. அதை அவள் நிலைப்படியில் போட்டு, தன் பூட்சை நன்றாகத் துடைத்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றார்.

"வாங்கக்கா, உள்ள வாங்க."

வெர்னா ஊன்றுகோலையும் நல்ல காலையும் மிதியடியில் வைத்தாள். ஆரின் ஆளில்லாத தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி அதை மறைப்பாகப் பிடித்தபடி அவள் காதருகே குனிந்தார்.