கில்ஃபாயிலின் நாணயம்

எங்கள் கில்மோரனில் குதிரைமேல் பணம் கட்டாத ஆளை நான் பார்த்ததில்லை. பாதிரியார் கட்டுவார், போலீஸ் சார்ஜென்ட் கட்டுவார், கன்னியர் மடத்தில்கூடத் தவக்காலத்தில் மட்டும்தான் கட்டமாட்டார்கள். எல்லோரும் கட்டியது ஒரே இடத்தில். சந்தைத் தெருவில் என் இரும்புக்கடைக்கு நேர் எதிரே இருந்த கில்ஃபாயில் புக்கி கடையில்தான். அப்பா தொடங்கி மகன் மத்தியாஸ் நடத்திய கடை. முப்பத்தைந்து வருடத்தில் ஒருவருக்கும் ஒரு பென்னி குறைத்ததில்லை என்பது ஊர்ப்பேச்சு. சீட்டைத் தொலைத்துவிட்டு டாக்டர் வந்து நின்றால், "நீங்க சொன்னா போதாதா டாக்டர்!" என்று சொல்லி மத்தியாஸ் அங்கேயே எண்ணிக் கொடுப்பார். நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கடையில் ஒன்பது வருடம் சீட்டு எழுதிய கன்செப்டா ஹெஷன் இறந்து ஆறு வாரம் ஆகிறது. எழுபத்தாறு வயது. அவளைப் பற்றிச் சொல்ல அவளுடைய அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும்.

லார் ஹெஷன் கவுன்சிலுக்குச் சாலை போடும் வேலை பார்த்தார். சம்பள நாளில் குடிப்பார், மற்ற நாட்களில் வாய் திறக்காத மனிதர். 1961 வசந்தத்தில் க்ரே லினெட் என்ற பெட்டைக் குதிரை, கட்டிய ஒன்றுக்கு முப்பத்துமூன்று கிடைக்கும் என்ற விலையில் ஓடி ஜெயித்தது. திங்கட்கிழமை காலை லார் தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு கடைக்கு வந்தார். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது, கடை அப்போதுதான் என் கைக்கு வந்திருந்தது.

"அஞ்சு பவுண்டு கட்டினேன், மிஸ்டர் கில்ஃபாயில்" என்றார் லார். வீட்டுக்குப் பின்னால் விலைக்கு வந்திருந்த மூன்று ஏக்கரை அந்தப் பணத்தில் வாங்கிவிடலாம் என்று ஞாயிறு முழுக்க மனைவியோடு பேசியிருந்தாராம்.

மத்தியாஸ் மெதுவாகத்தான் பேசுவார். அன்றும் குரல் உயரவில்லை.

"லார், வெள்ளிக்கிழமை நீ வந்தே, மழையைப் பத்திப் பேசினே, போனே. குதிரையைப் பத்தி என்கிட்ட எதுவும் சொல்லலையே."

"நோட்டை உங்க கையில குடுத்தேனே! கூட்டமா இருக்கு, சீட்டு அப்புறம் எழுதிக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க!"

மத்தியாஸ் வருத்தமாகத் தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஜார்லத், என்னிக்காவது உனக்கு நான் ஒரு பென்னி குறைச்சிருக்கேனா?"

"சத்தியமா இல்லை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாலிப வாய் நிற்கவில்லை. "லார், அந்த அஞ்சு பவுண்டு எந்தச் சாராயக் கடையில இறங்கிச்சுன்னு நல்லா யோசிச்சுப் பாரு!"

கடையே சிரித்தது. டாக்டர் சிரித்தார், வக்கீல் சிரித்தார், சார்ஜென்ட் தொப்பியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

லினெட் என்பது எங்கள் வேலிகளில் பாடும் ஒரு சின்னக் குருவி. அன்றிலிருந்து லார் மண்வெட்டியோடு போனால் கூட வேலை செய்கிறவர்கள் குருவி மாதிரிச் சீட்டியடித்தார்கள். கோயிலில் அவர் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால்கூட ஒருநாள் சீட்டி கேட்டது. ஒரு வருடம் போனபின் மனிதர் அடுப்படியில் உட்கார்ந்து மகளிடம், "ஒருவேளை நான் சொல்லாமலேயே வந்துட்டேனோ, கன்செப்டா? நோட்டைக் குடுத்ததா நானே நெனச்சுக்கிட்டேனோ?" என்று கேட்க ஆரம்பித்தார். குடுத்தீங்க அப்பா, குடுத்தீங்க என்று அவள் சொல்லச் சொல்ல, கேள்வி அடிக்கடி வந்தது. 1963 குளிரில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். கடைசி நாளிலும் அதைத்தான் கேட்டார்.

அடக்கத்துக்கு இருப்பதிலேயே பெரிய மலர்வளையம் கில்ஃபாயில் கடையிலிருந்து வந்தது. கல்லறைத் தோட்டத்தில் எல்லோர் காதிலும் விழும்படி மத்தியாஸ் அந்தப் பெண்ணிடம், "நடந்ததை மறப்போம். என் கடையில சீட்டு எழுத ஒரு ஆள் வேணும், வாம்மா" என்றார். எத்தனை பெரிய மனசு என்று ஊர் வியந்தது. நானும் வியந்தேன்.

"அப்பாவைக் கொன்னவன் குடுக்கிற ரொட்டியைத் திங்கப் போறியா?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"போறேன்" என்றாள் கன்செப்டா.

அதற்கப்புறம் தாயும் மகளும் ஒரே வீட்டில் இருந்தபடியே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நான்கு வருடம் கழித்து அம்மா இறந்தாள். மகள் விலைபோய்விட்டாள் என்றே நினைத்துக்கொண்டு இறந்தாள்.

கடைக்குள் போன கன்செப்டா முதல் இரண்டு வருடம் பார்த்ததெல்லாம் நேர்மையைத்தான். அது அவளுக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்ததாம். மனிதர் எல்லோருக்கும் சரியாகக் கொடுத்தார், உடனே கொடுத்தார், சிரித்த முகத்தோடு கொடுத்தார். தன் அப்பா சொன்னது பொய்தானோ என்று அவளுக்கே ஒரு நாள் தோன்றிவிட்டது. அன்று வீட்டுக்குப் போகாமல் ஆற்றுப் பாலத்தில் நெடுநேரம் நின்றாளாம்.

மூன்றாம் வருடம் மார்ட்டி என்ற தகரக்காரன் வந்தான். வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பாத்திர ஓட்டை அடைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன். காலையில் அவன் நோட்டைக் கொடுத்ததை உள்ளறைக் கதவிடுக்கில் அவள் பார்த்தாள். அவன் குதிரை ஜெயித்தது. மறுநாள் பணம் கேட்டு வந்தவனிடம் மத்தியாஸ் அதே மெதுவான குரலில், "நீ எதுவும் சொல்லலையே, மார்ட்டி" என்றார். கடையில் நின்றவர்கள் மார்ட்டியைத் தெருவுக்குத் தள்ளினார்கள். அடுத்த வருடம் விதவை மிஸஸ் ஃபேஹி. கொஞ்சம் மறதிக்காரி என்று பேர் வாங்கியவள். அதற்கடுத்து, சித்தம் சரியில்லாத ஒரு பண்ணையாள்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. டாக்டருக்கும் பாதிரியாருக்கும் காட்டிய நேர்மை மத்தியாஸுக்கு ஒரு முதலீடு. ஊர் நம்புகிறவனை அவர் ஏமாற்றவே மாட்டார். ஊர் நம்பாதவன் தனியாக, சீட்டில்லாமல் கை நீட்டினால் மட்டும் விழுங்குவார். வருடத்துக்கு ஒன்று, அதற்குமேல் இல்லை.

அவர் செய்ததையே தானும் செய்வது என்று அவள் முடிவெடுத்தாள். நல்ல பேர் சேர்த்தாள். யாருக்காவது இரண்டு பென்னி குறைந்துவிட்டால் சைக்கிளில் மூன்று மைல் மிதித்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். தப்பாக ஒரு பவுண்டு கூடுதலாக எழுதிவிட்டேன் என்று தன் சம்பளத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பாள். கன்செப்டா எண்ணினால் பாதிரியாரே திரும்ப எண்ணமாட்டார் என்று ஊர் பேசும் அளவுக்கு வந்தது. மத்தியாஸ் பெருமைப்பட்டார். "ஹெஷன் குடும்பத்துல இப்படி ஒரு பொண்ணு!" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

1972 ஆகஸ்ட், கால்வே பந்தய வாரம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வளர்த்த மில்லர்ஸ் டாட்டர் என்ற குதிரை ஓடியது. விலை ஒன்றுக்குப் பதினாலு. ஊர்ப்பாசம், எல்லோரும் கட்டினார்கள். காலை பத்து மணிக்குள் அறுநூறு பவுண்டு சேர்ந்துவிட்டது. ஜெயித்தால் மத்தியாஸ் எட்டாயிரத்துக்குமேல் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட நாட்களில் அவர் வழக்கமாகச் செய்வது, டப்ளினில் இருந்த ஒரு பெரிய புக்கிக்குப் போன் போட்டு அதே குதிரைமேல் தானும் கட்டிவிடுவார். ஜெயித்தால் அந்தப் பணம் வந்து இதை அடைக்கும். வரிக்காரன் கண்ணில் படக்கூடாது என்பதால் அதை எழுதி வைக்கமாட்டார். எல்லாம் வாய்வார்த்தைதான்.

அன்று அவரும் பந்தயம் பார்க்கக் கால்வே கிளம்பினார். உள்ளறையில் கோட்டை மாட்டிக்கொண்டே, "கன்செப்டா, டப்ளினுக்குப் பேசி ஐந்நூறு கட்டச் சொல்லிடு. பதினோரு மணிக்குள்ள" என்றார். அறையில் வேறு யாரும் இல்லை.

"சரி, மிஸ்டர் கில்ஃபாயில்" என்றாள்.

அவள் போனைத் தொடவில்லை.

மிஸஸ் ஃபேஹி பத்தரைக்கு இரண்டு பவுண்டோடு வந்தபோது, "இன்னிக்கு வேணாம், வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று திருப்பி அனுப்பினாள். கிழவிக்குக் கோபம். "என் காசு என்ன செல்லாதா?" என்று கத்திவிட்டுப் போனாள். எதிரே என் கடையில் இருந்த எனக்கே கேட்டது. அதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் நான் இருபது பவுண்டு கட்டிவிட்டு வந்திருந்தேன். என்னை அவள் திருப்பி அனுப்பவில்லை.

மில்லர்ஸ் டாட்டர் நாலு குதிரை நீளத்தில் ஜெயித்தது. ஊர் ஆடியது. மத்தியாஸும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அவருக்குத்தான் நஷ்டம் பெரிதாக இல்லையே. கடைவாசலில் நாங்கள் ஒரு கும்பல் நின்றிருந்தோம்.

"டப்ளின்ல என்ன சொன்னாங்க, கன்செப்டா?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"ஐந்நூறு கட்டச் சொன்னேனே!"

"மழை வருமான்னு கேட்டீங்க, கிளம்பினீங்க. குதிரையைப் பத்தி என்கிட்ட எதுவும் சொல்லலையே, மிஸ்டர் கில்ஃபாயில்."

எங்களில் ஒருவருக்கும் பழைய ஞாபகம் வரவில்லை. அவருக்கு வந்தது. முகம் மெழுகு மாதிரி ஆனது. "பொய் சொல்றா!" என்று கத்தினார். அவர் கத்தி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்களுக்கு அருவருப்பாக இருந்தது. "கன்செப்டாவா? பொய்யா? போங்க, மிஸ்டர் கில்ஃபாயில்" என்றார் வக்கீல்.

திங்கட்கிழமை கடைமுன் வரிசை தேவாலயம் வரை நின்றது. அங்கே ஒரு நிதானமான மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? இருப்பதை எல்லோருக்கும் பங்கிட்டு, மிச்சத்துக்குத் தவணை கேட்டிருக்கலாம். ஊர் கொடுத்திருக்கும். ஆனால் மத்தியாஸுக்குப் பழகிய கை. டாக்டரையும் பாதிரியாரையும் சார்ஜென்டையும் பக்கவாசல் வழியாக உள்ளே அழைத்து முழுசாகக் கொடுத்தார். டாக்டர் பக்கவாசலில் பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்ததை வரிசை முழுவதும் பார்த்தது. பதினைந்தாவது ஆளோடு பணம் தீர்ந்தது. வீட்டையும் கடையையும் விற்றும் எங்களுக்கு நூற்றுக்கு முப்பது கூட வரவில்லை. யாரோ கல்லெறிந்தார்கள். ஒரு பென்னி குறைத்ததில்லை என்று வருடக்கணக்காகப் பேசிய ஊர், ஒரு வாரத்தில் அப்பனும் திருடன், மகனும் திருடன் என்று பேசியது. மார்ட்டியின் கதையை அப்போதுதான் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் மத்தியாஸ் அவள் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை.

"பணத்துக்காக வரலை" என்றார். "இங்க யாரும் இல்லை. எனக்கு மட்டும் சொல்லு. நான் உன்கிட்ட சொன்னேன் இல்லையா? கோட்டு போட்டுக்கிட்டே சொன்னேன் இல்லையா? ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன், எனக்கே சந்தேகமா இருக்கு."

ஒரு தலையசைப்புப் போதும். அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

"நீங்க எதுவும் சொல்லலை" என்றாள் அவள். கதவைச் சாத்தினாள்.

ஆத்லோனில் அக்கா வீட்டில் ஐந்து வருடம் இருந்து செத்தார். கன்செப்டாவை ஊர்ச் சேமிப்புச் சங்கத்தில் காசாளராகக் கூப்பிட்டார்கள். முப்பது வருடம் எங்கள் பணத்தையெல்லாம் அவள்தான் வைத்திருந்தாள். ஒரு பென்னி குறைந்ததில்லை.

போன நவம்பரில் அவளை மருத்துவமனையில் பார்க்கப் போனபோதுதான் இவ்வளவும் சொன்னாள்.

"குதிரை தோத்திருந்தா?" என்றேன்.

"லைன் கிடைக்கலைன்னு சொல்லியிருப்பேன். ஐந்நூறு மிச்சம்னு நன்றி சொல்லியிருப்பான். அடுத்த குதிரைக்குக் காத்திருப்பேன்."

"அவன் மேலதானே கோபம்? ஊரே நஷ்டப்பட்டுச்சே, கன்செப்டா."

"அன்னிக்குக் கடையில யார் யார் சிரிச்சாங்கன்னு அப்பா ஒவ்வொரு பேரா சொல்லியிருக்கார், ஜார்லத்." திரும்பி என்னைப் பார்த்தாள். "டாக்டரும் சார்ஜென்டும்தான் தப்பிச்சுட்டாங்க. அதுல இன்னும் எனக்கு வருத்தம் உண்டு."

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவள் கையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"வேற வருத்தமே இல்லையா?"

"அம்மாகிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. பிறகு தண்ணீர் கேட்டாள், குடித்தாள். "நான் போனப்புறம் நீ யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோ. ஒருத்தனும் நம்பமாட்டான்."

அடக்கத்துக்கு எல்லாக் கடையும் மூடினார்கள். நாணயத்துக்கு மறுபெயர் கன்செப்டா என்று பாதிரியார் பிரசங்கம் செய்தார். வெளியே வந்து சேமிப்புச் சங்கத் தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு என் முழங்கையைப் பிடித்துக் காரில் உட்கார வைத்து, என் மகளிடம் தணிந்த குரலில், "அப்பா மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிடறாரா?" என்று கேட்டார்.