சோளக்காட்டில் ஏழாம் எண்

என் அறையில் கரடி இல்லாத இடம் கட்டிலுக்கு அடியில் மட்டும்தான் இருந்தது. போன வருடம் அங்கேயும் ஒரு பெட்டி போய்விட்டது. கரடி போட்ட டிபன் டப்பா, ஜாமெட்ரி பாக்ஸ், மூடி இல்லாத தண்ணீர் பாட்டில், கை உடைந்த பிளாஸ்டிக் பொம்மைகள், பபிள்கம்மோடு வந்த ஸ்டிக்கர்கள். குடை பிடித்துக்கொண்டு ஊர் சுற்றும் கார்ட்டூன் கரடி அது. வெளிநாட்டில் எப்போதோ கையால் வரைந்து எடுத்த படங்கள். இதையெல்லாம் தேடி அலைந்தபோது எனக்குப் பசியே தெரியாது. இப்போது தூசி தட்டுவதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது.

அசல் படங்கள் இணையத்தில் பளிச்சென்று கிடைக்கின்றன. நான் தேடியது அவை அல்ல. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் பக்கத்து வாடகைக் கடைகளில் எட்டு வி.சி.டி.க்கள் சுற்றின. அவற்றில் அந்தக் கரடி எங்கள் பேச்சில் பேசும். பாலத்தைக் காணவில்லை என்றால், “ஏனுங்க, இங்க ஒரு பாலம் இருந்துச்சே?” என்று ஆற்றிடமே கேட்கும். குரல் கொடுத்தவர் யார், எங்கே பதிவு செய்தார்கள் என்று எந்த அட்டையிலும் இல்லை. ஏழாம் எண்ணைத் தவிர எல்லாமே என் கைக்கு வந்துவிட்டன. அந்த ஏழில்தான் கரடி வழி தவறிப் போகும். கடைசியில் எப்படியோ வீடு வந்து சேர்ந்து, வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லும். அது என்னவென்று எனக்கு மறந்துவிட்டது. என்னைப் போன்ற கரடிப் பைத்தியங்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டால் போதும், இந்த வேலையை நிறுத்திவிடலாம் என்று கூட எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

வெண்ணந்தூரில் முன்பு சி.டி. கடை வைத்திருந்த ஒருவரிடம் அது இருப்பதாகத் தெரிந்து போன் செய்தேன். இப்போது வீட்டிலேயே தறி ஓட்டுகிறார். “இருக்குதுங்க” என்றார். அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில் இல்லை. சேகரிக்கிறவர்கள் எல்லோரும் கேட்பதையே கேட்டேன். அட்டை இருக்கிறதா? கிழிசல் உண்டா? சாயம் போயிருக்கிறதா? எங்களுக்குள் அட்டைக்குத்தான் மரியாதை. அட்டை இல்லாத சி.டி.யை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அலுவலக வேலை விடாமல் பிடித்துக்கொண்டதில் ஒரு மாதம் போக முடியவில்லை. இடையில் இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் அட்டையில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் சேலத்தைக் கடந்து, வழியிலிருக்கும் மல்லூர் போவதற்குள்ளேயே முதுகு விட்டுப்போயிற்று. நான் போனதும் அவர் தறியை நிறுத்திவிட்டு, துண்டில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்தார்.

“பாருங்க அம்முணி. ஒரு மடிப்பு கெடையாது.”

உண்மைதான். அச்சடித்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. திருப்பிப் பார்த்தேன். அட்டை மட்டும்தான்.

“சி.டி. எங்கீங்கண்ணா?”

“அதும் வேணுமுங்களா?” நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “நீங்க அட்டை அட்டைன்னுதானுங்க கேட்டீங்க! கிளி வந்து சோளத்த அழிக்குதுன்னு எங்கூட்டுக்காரி கேட்டா. கடையில மிஞ்சுனத பூரா அவகிட்டக் குடுத்துட்டனுங்க.”

கோபப்பட எனக்கு இடமே இல்லை. மூன்று போனிலும் நான் அந்த சி.டி.யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் சோளம். குச்சிக்குக் குச்சி தறி நூல் கட்டி, அதில் சி.டி.க்கள் வெயிலில் சுழன்றுகொண்டிருந்தன. கண் கூசியது. ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தி எண் பார்த்தேன். அவர் மனைவி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிளி பண்ணாத கூத்த நீ பண்றயே அம்முணி. கருது ஒடியுது, பாத்து.”

நாலாவது வரிசையில் கிடைத்தது. வெளி ஓரத்தில் வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உரிந்து, அந்தப் பக்கம் நிற்கிற சோளத்தட்டு தெரிந்தது.

“இத எடுத்துக்கறனுங்கக்கா.”

“எடுத்துட்டா அந்த எடத்துல கிளி எறங்குமே?”

குழுவில் இருப்பவர்களிடம் மாற்றிக்கொள்வதற்காக என் பையில் எப்போதும் இரட்டைப் பிரதிகள் கிடக்கும். கீறல் இல்லாத மூன்றாம் எண்ணை நானே நூலில் கோத்துக் கட்டினேன்.

“இது நல்லா மின்னுதே! இன்னும் ரெண்டு இருந்தாக் குடு சாமி” என்றார் அக்கா. கொடுத்துவிட்டேன்.

“கிளிக்கும் ஒரே படத்தப் பாத்து அலுத்துருக்குமுல்ல” என்றார் அண்ணன். மூவரும் சிரித்தோம். அவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து, கைகூடக் கழுவாமல் பழைய பிளேயரில் போட்டேன். ஓடியது! உள்வட்டத்தில் பூச்சு மிச்சம் இருந்ததால் படத்தின் முன்பாதி வந்தது. அந்தக் குரலும் வந்தது. கரடி குடையைக் கவிழ்த்துப் படகாக்கி ஆற்றில் இறங்கியது. நடு ஆற்றில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. துடைத்துப் போட்டேன். அதே ஆறு. மறுபடி துடைத்தேன். இம்முறை ஆற்றுக்கே வரவில்லை. ஓடுகிற ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் உரிகிறது என்று புரிந்ததும் வெளியே எடுத்துவிட்டேன்.

மீதியை இணையத்தில் இருக்கும் அசல் படத்தில் ஓட்டினேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கரடி வீட்டு வாசலில் நின்று வாயைத் திறந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னது.

“என்ன கண்ணு சொல்லுது?”

“வந்துட்டேன்னு சொல்லுதும்மா.”

“நம்ம கரடி அப்படிச் சொல்லாதே. வேற என்னமோ சொல்லுமே?”

“என்ன சொல்லும்?”

அம்மா ஒரு போர்வையை உதறினார். யோசித்தார். “நெனப்பில்லையே” என்றார்.

போர்வையின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.