நீலம் தடவிப் பார்த்த பல்செட்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்தில், ஒரு பெரிய தொழிற்சாலையின் டூல் ரூமில் நான் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் யார் வீட்டுத் தாழ்ப்பாள் சிக்கினாலும், தையல் மெஷின் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

அந்த வருடம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, மேல்வரிசை முன்பற்கள் மூன்றைப் பறிகொடுத்தாள். அதன்பின் சிரிப்பு வந்தால் புடவைத் தலைப்பு வாய்க்குப் போய்விடும். ஆறு மாதம் கழித்து, தஞ்சாவூரில் அவள் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரே அக்கா, நாத்தனார் முடிச்சு போட வேண்டியவள் அவள்தான். பல் கட்டாமல் மணமேடை ஏறமாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

செகந்திராபாத்தில் ஒரு தெலுங்கு டாக்டரிடம் போனோம். பிளாஸ்டர் மாவில் அவள் வாயை அச்செடுத்து, ஒரு மாதத்தில் பல்செட் கொடுத்தார். அந்த அச்சு பார்க்க வேடிக்கையாக இருந்ததால் நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

பல்செட் வலித்தது. இரண்டே நாளில் அதைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டாள். "டாக்டர்கிட்டயே ஒரு தடவை காட்டிடலாங்க" என்றாள். ஒரு மேட்டைச் சீவுவதற்கு லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமா? "என் தொழிலே அதுதானே, கொடு" என்று வாங்கிக்கொண்டேன்.

இரண்டு இரும்புப் பரப்புகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க நாங்கள் ஒன்றில் நீல மை தடவி, மற்றதன்மேல் வைத்து எடுப்போம். எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே மேடு. அதைச் சுரண்டிவிட்டால் வேலை முடிந்தது. மறுநாள் மதிய இடைவேளையில் அந்தப் பிளாஸ்டர் அச்சில் நீலம் தடவி, பல்செட்டை வைத்துப் பார்த்து, ஊசி அரத்தால் ராவ ஆரம்பித்தேன். பக்கத்து மேஜை பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "நக்கோ பாய், யே டாக்டர் கா காம் ஹை" என்றார். வேண்டாம், இது டாக்டர் செய்ய வேண்டிய வேலை என்கிறார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் பல்செட் அச்சின்மேல் அசையாமல் உட்கார்ந்தது. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது.

வீட்டில் அவள் அதை மாட்டிக்கொண்டு, "இப்ப..." என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், பல்செட் நழுவி மடியில் விழுந்தது. இன்னொரு தடவை மாட்டினாள். மறுபடியும் விழுந்தது. ஊருக்குக் கிளம்ப ஐந்தே நாள்தான் இருந்தது. அவள் கத்தவில்லை. "நான் வரலை. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் லீவு போட்டேன், இரண்டு பஸ்ஸும் மாறினேன். டாக்டர் பல்செட்டைத் திருப்பிப் பார்த்ததும் அரம் போட்ட கோடுகள் கண்ணில் பட்டுவிட்டன. "இதி எவரு சேசாரு?" என்றார். யார் செய்தது என்று கேட்கிறார். நான்தான் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எக்கட நொப்பி அம்மா?" என்று, எங்கே வலிக்கிறது எனக் கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருந்தார்.

காலனியில் பழகிய தெலுங்கில் அவள் சொல்லத் தொடங்கினாள். வலி நான் ராவிய பக்கத்திலேயே இல்லையாம். இடது பக்கம் உள்ளேயாம். அதுவும் மெல்லும்போது இல்லை, விழுங்கும்போதுதானாம். முடிச்சு போடக் குனிகையில் அத்தனை பேர் முன்னால் பல் விழுந்துவிடுமோ என்றுதான் பயமாம். பல் போன நாளிலிருந்து, தான் மெல்லுவதை யாரும் பார்க்கக் கூடாதென்று தனியாகவே சாப்பிடுகிறாளாம். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுவது அவள் வழக்கம்தானே என்றுதான் நான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அச்செடுத்து ஒரு மாதமாகிவிட்டது, அதற்குள் ஈறு வற்றி மாறியிருக்கும் என்றார் டாக்டர். அவரும் ஏதோ பசையைத் தடவித்தான் மேடு பார்த்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் அவளிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். நான் கெடுத்த இடத்தில் புதிதாகப் பூசித் தருவதற்காக, எங்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கைத் திறந்தார். கல்யாணத்தில் அவள் குனிந்து முடிச்சு போட்டாள். பல்செட் அசையவில்லை. போட்டோவில் தம்பி மனைவியின் காதில் ஏதோ சொல்லி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது தாடை எலும்பிலேயே திருகு இறக்கிப் பல் வைக்கிறார்கள். அவளுக்கும் அப்படி வைக்கலாமா என்று கேட்க, போன மாதம் மகன் எங்களை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனான். திருகு என்றதும் எனக்குக் கை பரபரத்தது. மரை எவ்வளவு, எத்தனை இறுக்கம் என்று கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன தோணுது?" என்றேன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனத்தைக்கூடக் கண்டுபிடித்துச் சுரண்டிய எனக்கு, பக்கத்திலேயே இருந்தவளிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லையே என்று நினைத்தால், இந்த வயதிலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.