கருத்துள்ள ராட்சத மிருகம்

ராட்சத மிருகப் படங்களுக்குக் கருத்து வேண்டுமா, விறுவிறுப்பு மட்டும் போதாதா என்று என் பேரன்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு தீர்ப்புக்கு என்னிடம் வருவார்கள். நான் நழுவிவிடுவேன். அந்தக் கேள்விக்கு ஒருமுறை நான் பதில் சொல்லப்போய், என் தங்கையின் முயல்குட்டி பறிபோனது.

எனக்கு அப்போது பத்து வயது, அவளுக்கு ஆறு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது செடிக்கடியில் கிடந்த அந்தக் குட்டியை அப்பாதான் அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பழைய கொழுந்துக் கூடையில் வைத்து வளர்த்தாள். கரட் இலையைத் தானே மென்று பார்த்துவிட்டுத்தான் அதற்குக் கொடுப்பாள்.

தோட்டத்தில் கங்காணியான அப்பாவுக்குப் படம் என்றால் படிப்பினை இருக்க வேண்டும். பார்த்துவிட்டு வந்தவன் அதை அவரிடம் ஒப்பிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த படம் கிடையாது. இந்தச் சட்டம் நடப்பில் இருக்கும்போதுதான் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, என்னைத் தலவாக்கலை டவுனுக்கு ஓர் ஆங்கிலப் படத்துக்குக் கூட்டிப்போனார். கடலிலிருந்து ஒரு மிருகம் எழுந்து வந்து ஊரை நொறுக்கியது. வேறொன்றும் நடக்கவில்லை. அவ்வளவு நல்ல படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அதே மிருகம் மறுபடி வரும் இரண்டாம் பாகம் அடுத்த ஞாயிறு என்று வாசலில் ஒட்டியிருந்தார்கள்.

வீட்டில் விசாரணை ஆரம்பித்தது.

“அந்த மிருகம் என்னதான் சொல்லுது?” என்றார் அப்பா.

“‘கர்ர்ர்’னு சொல்லுச்சு அத்தான். வேற ஒண்ணும் சொல்லல,” என்றார் மாமா.

“அப்ப ரெண்டாம் பாகத்துக்கு ஒருத்தரும் போக வேணாம்.”

“மாமாவுக்குத்தான் இங்கிலீசு தெரியாதேப்பா,” என்றேன். எனக்கும் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடம் போகிறவன் ஆங்கிலத்தைப் பற்றிச் சொன்னால் எங்கள் லயத்து வீடுகளில் மறுபேச்சு இல்லை. “அதோட குட்டிய மனுசங்க தூக்கிட்டுப் போயி கூண்டுல அடைச்சிட்டாங்க. அதத் தேடித்தான் அம்மா மிருகம் வருது. பெத்தவகிட்ட இருந்து பிள்ளையப் பிரிக்கக் கூடாதுங்கிறதுதான் கருத்து.”

மாமா வாயைப் பிளந்தார். அப்பாவோ தொடையில் தட்டி, “படம்னா இது! நீ என்னத்தடா பாத்த?” என்று அவரைத் திட்டினார். எனக்கு அனுமதி கிடைத்தது. தங்கை கூடையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியற்காலை அப்பா வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போது தங்கை கூடையோடு வாசலில் நின்றாள்.

“இதோட அம்மா தேடும்லப்பா. எடுத்த எடத்துலயே விட்டுருங்க.”

அப்பா கூடையை வாங்கிக்கொண்டார். படத்தில் குட்டியே கிடையாது என்று நான் சொல்லியிருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பேசாமல் நின்றேன். இன்றுவரை அவளிடம் அதைச் சொல்லவில்லை.

ஞாயிறன்று மிருகத்தைக் குண்டு போட்டுக் கொன்றார்கள். விசிலடித்தேன். வீட்டுக்கு வந்து கட்டில்மேல் ஏறி நின்று, மிருகமும் நானே, விமானமும் நானே என்று நடித்துக் காட்டினேன். தங்கை குறுக்கிட்டாள்.

“அண்ணே, குட்டி அம்மாகிட்டப் போய்ச் சேந்துருச்சா?”

“குட்டியாவது ஒண்ணாவது! அம்மாவையே குண்டு போட்டுக் கொன்னுட்டாங்க!” என்று சொல்லிவிட்டு உறுமினேன்.

அவள் எழுந்து வெளியே போனாள். கவ்வாத்து வெட்டிய மலையை நோக்கி ஓடுவது கதவு வழியாகத் தெரிந்தது. என் உறுமல் சரியாக வரவில்லை, அதுதான் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கும் கேட்கட்டும் என்று இன்னும் பலமாக உறுமினேன்.